கழுதைப்புலியின் தரப்பு

ஜூலை 4, வெள்ளி

எங்கள் பள்ளியில் ஆவணப்படக் கழகம் இன்று தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கு ஸ்பெஷல் கிளாஸிலிருந்து தப்பிக்க வந்தவர்கள். நானும் ரிஸ்வானாவும்தான் படத்துக்காக வந்தோம். ரிஸ்வானா பாதிதான் படத்துக்காக.

நடத்துபவர் ஹெலன் மிஸ். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு படம் போடுவார். அழகாக இருந்ததா என்பதற்கு மார்க் கிடையாது. நியாயமாக இருந்ததா என்பதற்குப் பத்துக்கு மார்க் போட்டு, காரணம் சொல்ல வேண்டும்.

இன்று தெருநாய்கள் பற்றிய படம். நான் நான்கு போட்டேன். நாய் கடித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பெயர்கள் கீழே வந்தன. நாய்களுக்குச் சோறு வைக்கும் அம்மாவுக்குப் பெயரே போடவில்லை. அவரை முதுகுப்பக்கமாக எடுத்து, பின்னால் டும் டும் என்று ஒரு இசையும் வைத்திருந்தார்கள். சோற்று வாளியோடு நடக்கிற யாருக்கும் அந்த இசையைப் போட்டால் கொலைகாரர் மாதிரிதான் தெரிவார். ரிஸ்வானா ஒன்பது போட்டாள். படம் சீக்கிரம் முடிந்தது என்பது அவளுடைய காரணம்.

இதையெல்லாம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கும் ஆவணப்படம்தான் வேலை. டிவியில் வரும் வெளிநாட்டு விலங்குப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாள். சிங்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிகிற மாதிரி வாக்கியம் எழுதுவது சாதாரண விஷயமில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு நான் கேட்பேன். நான் "போர்" என்று சொல்லும் வரியை அம்மா அடித்துவிடுவாள். ஆறு வயதிலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். திருத்திய வசனத்தை வடபழனி ஸ்டூடியோவில் தாமோதரன் சார் என்பவர் குரல் கொடுத்துப் பேசுவார்.

நான் நாய்ப் படத்தைச் சொல்லி முடித்ததும், அம்மா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் ஒன்று சொன்னாள். தாமோதரன் சார் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாராம்.

"நீ என்ன சொன்ன?"

"ஆடி வருது, அது போகட்டும், எம்பொண்ணு மதிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

"நமக்கு ஆடியெல்லாம் எப்பலேர்ந்து?"

"யோசிக்க டைம் வேணாமா? நீ வேணாம்னா வேணாம் கண்ணு. அவ்ளோதான்."

நடுநிலையாக ஆராய்ந்து, ஆவணி ஒன்றாம் தேதி பதில் சொல்வதாகச் சொன்னேன். பத்துக்கு மார்க் போடுவியா என்று கேட்டு அம்மா சிரித்தாள். இது சிரிக்கிற விஷயமில்லை.

அப்பாவைப் பற்றியும் இங்கே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. எனக்கு மூன்று வயதானபோது அப்பா இறந்துவிட்டார். ஒரே ஒரு நினைவு இருக்கிறது. நான் படுத்திருக்கிறேன். பக்கத்திலிருந்து அப்பா, கனமான, வெதுவெதுப்பான குரலில், "அதோ பார், அம்மா யானை திரும்பி வருகிறது" என்கிறார். வண்டலூர் மிருகக்காட்சி சாலையின் புல்தரையாக இருக்க வேண்டும். முகம் நினைவில்லை. குரல் நன்றாக நினைவிருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

தாமோதரன் சார் வந்திருந்தார். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒல்லியான ஆள். அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வெந்நீர் ஃபிளாஸ்க்கை விட்டு அகலவே மாட்டார். தயிர் சாப்பிட மாட்டார், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட மாட்டார், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். செருப்பை வாசலில் குறுக்கே விட்டுவிட்டு வந்தார். கொய்யாப்பழம் வாங்கி வந்தார். அதில் ஒன்று அழுகல். தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அது மரியாதைக்காகவும் இருக்கலாம்.

இதில் எதையும் நான் சேர்க்கவில்லை, இசையும் போடவில்லை.

ஜூலை 9, புதன்

அம்மாவுக்கும் எனக்கும் கழுதைப்புலி விஷயமாகச் சண்டை.

புதிய படம் வந்திருக்கிறது. கழுதைப்புலிக் கூட்டம் ஒரு காட்டுமாட்டை அடித்து வைத்திருக்கும்போது சிங்கம் வருகிறது. அம்மா எழுதியிருந்தது இது: "காட்டுராஜா வந்துட்டாரு! திருட்டுக் கும்பல் தெறிச்சு ஓடுது!" பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். படத்தைச் சத்தமில்லாமல் முதலிலிருந்து ஓடவிடச் சொன்னேன். மாட்டை ராத்திரியெல்லாம் துரத்தியதும் கழுதைப்புலிகள்தான், வீழ்த்தியதும் அவைதான். சிங்கம் நன்றாகத் தூங்கி எழுந்து, இலை போட்ட பிறகு வந்து உட்காருகிறது.

"திருடுனது சிங்கம்மா."

"தெரியுதுடி. சேனல்காரங்களுக்கு சிங்கம்தான் ஹீரோ. கழுதைப்புலிக்கு யாரு விசிலடிப்பா?"

"மூஞ்சி நல்லா இல்லன்னா திருடனா?"

அம்மா பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு அடித்துவிட்டு எழுதினாள்: "உழைத்தது ஒரு கூட்டம். சாப்பிட உட்கார்ந்தவர் ராஜா." நான் கை தட்டினேன். இதற்குத்தான் எனக்கு அம்மாவைப் பிடிக்கும்.

சாயங்காலம் அம்மா சமையலறையிலிருந்து தாமோதரன் சாரிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். குக்கர் சத்தத்துக்கு நடுவே கேட்டது. நேற்று உங்களுக்குப் படித்தேனே, அந்தக் கழுதைப்புலி வரியை மாற்றிவிட்டேன் என்றாள்.

நேற்று. எனக்குப் படித்தது இன்று.

முதலில் கேட்பவள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை. எனக்கு இதில் ஒன்றுமில்லை.

ஜூலை 11, வெள்ளி

படம் இல்லை. ப்ரொஜெக்டருக்குள் பல்லி போய்விட்டது. திரையில் அது முதலை அளவுக்குத் தெரிந்தது. எல்லோரும் பத்துக்குப் பத்து போட்டோம்.

ஜூலை 15, செவ்வாய்

காய்ச்சல். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்கூட்டர் ரொம்ப மெதுவாகப் போனது. ஹெல்மெட் பெரிதாக இருந்ததால் மூக்கு வரை இறங்கியது. ரசம் சாதம் சாப்பிட்டேன். தூக்கம்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்தே கட்டப்பட்டிருக்கிறது. அம்மா ஸ்பீக்கர் ஓயும் நேரம் பார்த்து எழுதுகிறாள்.

இன்றைய படம் வடசென்னையைச் சேர்ந்த ஒரு கேரம் வீராங்கனையைப் பற்றியது. அவளுடைய அப்பாதான் பயிற்சி கொடுக்கிறார். படம் முழுக்க அவர் திட்டுகிறார். "கை நடுங்குது பாரு", "தூங்கிட்டா ஆடுற?" என்று ஒரே திட்டு. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஸ்ட்ரைக்கரை அடிக்கிறாள். எங்கள் வகுப்பே அந்த அப்பாவை வெறுத்துவிட்டது. நான் ஏழு போட்டேன்.

பிறகு ரிஸ்வானா ஒரு வேலை செய்தாள். படம் எடுத்தவர் தன் இணையப் பக்கத்தில், படத்தில் சேர்க்காத துண்டுகளையும் போட்டிருந்தார். அதைக் கண்டுபிடித்து மிஸ்ஸின் லேப்டாப்பில் காட்டினாள். அந்த அப்பா சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, சுளை சுளையாக மகளுக்கு ஊட்டுகிறார். அவள் கையெல்லாம் பவுடராக இருப்பதால் தொட முடியாது, அதற்காக. அவள் ஏதோ சொல்கிறாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"பாவி, இதைப் போய் வெட்டியிருக்கான் பாரு," என்றாள் ரிஸ்வானா.

திட்டியதும் உண்மைதான், பொய் எதுவும் காட்டவில்லை என்று நான் சொன்னேன். ஆனாலும் என் ஏழை மூன்றாக மாற்றினேன். வெட்டி எறிந்ததிலும் படம் இருக்கிறது. இதை மிஸ் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

பெரிய மோசடி ஒன்று தெரியவந்தது.

இன்று அம்மா எழுதிய கரடிப் படம் டிவியில் வந்தது. குளிர்காலம் முடிந்து குட்டிக் கரடி குகையை விட்டு வெளியே வருகிறது. வந்ததும் "ர்ர்ர்க்" என்று ஒரு உறுமல். நல்ல கட்டம் என்று நான் சொன்னேன். அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நின்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அது கரடியில்லை. தாமோதரன் சாருடைய வயிறு.

ரிக்கார்டிங்கில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது வயிறு கத்தியிருக்கிறது. அந்த மைக் கொசுவின் ரெக்கைச் சத்தத்தையும் விடாது. சவுண்ட் இன்ஜினியர் அது ஒரிஜினல் படத்திலிருந்து வந்த சத்தம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். சேனலிலிருந்து கேட்டவர் கரடிக்குட்டி ரொம்ப இயற்கையாக இருக்கிறது என்று பாராட்டினாராம்.

ஆவணப்படம் என்று சொல்லிவிட்டு மனிதருடைய வயிற்றைக் கரடி என்று காட்டுவது சரியா? சேனலுக்கு எழுதப்போவதாகச் சொன்னேன்.

"எழுதுடி, எழுது. பாவம் மனுஷன், அன்னிக்கு மத்தியானம் ஒண்ணுமே சாப்பிடல. சாப்பிடப் போற நேரத்துலதான் உங்க ஸ்கூல்லேர்ந்து ஃபோன். நான் மிக்ஸிங்ல மாட்டிக்கிட்டேன். அவர்தான் வண்டிய எடுத்துட்டு ஓடுனாரு."

ஜூலை 15 எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்கூட்டர் மெதுவாகப் போனது என்று எழுதியிருக்கிறேன். ஓட்டியவர் யார் என்று எழுதவில்லை. ஆளில்லாமல் ஒரு ஸ்கூட்டர் தானாக வந்து என்னை ஏற்றிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது.

வெட்டியதை இப்போது சேர்க்கிறேன். மெதுவாகப் போனதற்குக் காரணம், வேகத்தடை வரும்போதெல்லாம் எனக்குக் குமட்டியது. ஆற்காடு ரோட்டில் அவர் சட்டை முதுகிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, கடையில் சோடா வாங்கிக் கொடுத்து, தெருக்குழாயில் சட்டையை அலசி, ஈரத்தோடேயே போட்டுக்கொண்டார். "இப்ப கொஞ்சம் ஜில்லுனு இருக்கு," என்றார். தன் ஹெல்மெட்டை எனக்குப் போட்டுவிட்டார்.

சேனலுக்கு எழுதவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளிசாதம் மூன்றும் செய்தாள். நல்ல நாளாகத்தான் ஆரம்பித்தது.

அப்பாவின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் கேட்க முடியாது. அதனால் அம்மாவின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கல்யாண வீடியோவைப் போட்டோம். இதற்கு நியாயத்தில் இரண்டு மார்க்குக்கு மேல் கொடுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் சுற்றுகிற ஒரு இதயத்துக்குள் இருக்கிறார்கள். போரூரில் நடந்த கல்யாணத்தில் இருவரும் பனிமலையில் நிற்கிறார்கள். தாலி கட்டும்போது அம்மா கண்ணைத் துடைக்கிறாள். உருக்கமாக வயலின் வருகிறது. அது ஹோமப் புகை என்று அம்மா சொன்னாள்.

அப்பா நன்றாகச் சிரிக்கிறார். காது கொஞ்சம் விடைத்திருக்கிறது, என்னுடையது மாதிரி. ஆனால் வீடியோ முழுக்க நாதஸ்வரமும் பாட்டும்தான். யாருடைய குரலும் கேட்கவில்லை. அப்பாவின் பெரிய குரலைப் பாட்டுப் போட்டு அடைத்துவிட்டார்களே என்று சொன்னேன்.

"பெரிய குரலா? உங்கப்பாவுக்குக் கீச்சுக் குரல்டி. ஃபோன் எடுத்தா, 'சொல்லுங்க மேடம்'பாங்க. இவரும், 'மேடம் வெளிய போயிருக்காங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுடுவாரு."

அம்மா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பற்றி இன்னும் இரண்டு மூன்று கதைகள் சொன்னாள். எல்லாம் சிரிப்புக் கதைகள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படியானால் யானையைக் காட்டியது யார்?

ஆகஸ்ட் 4, திங்கள்

அம்மா கடைக்குப் போயிருந்தபோது ஹார்டு டிஸ்க்கில் தேடினேன். அம்மா முதன்முதலாக எழுதிய படங்கள் ஒரு தனி ஃபோல்டரில் இருக்கின்றன. அப்பா இறந்த பிறகுதான் அம்மா இந்த வேலையைத் தொடங்கினாள். எழுதிய படங்களைச் சரிபார்க்க மத்தியானங்களில் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள். நான் பக்கத்தில் பாயில் தூங்குவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அதில் ஒரு யானைப் படம் இருந்தது. வறண்ட ஆற்றில் குட்டி தனியாக நிற்கிறது. புழுதி. அப்புறம் அந்த வரி வந்தது. "அதோ பார், அம்மா யானை திரும்பி வருகிறது."

தாமோதரன் சாருடைய குரல்.

யோசித்துப் பார்த்தால், எந்த அப்பா வீட்டில் 'வருகிறது' என்று பேசுவார்? இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

மார்க் போடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா புதிய ஸ்கிரிப்டைப் படித்தாள். எல்லா வரிக்கும் "போர்" என்று சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒருவரைப் பற்றிய படம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. இசை இல்லை. எல்லோருக்கும் சமமாக நேரம், கரும்புக்கும் சேர்த்து. நான் முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து போட்டேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நியாயமாக இருந்தால் தூக்கம் வருகிறது என்றாள் ரிஸ்வானா.

பஸ் நிறுத்தத்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யானையையும் சொன்னேன். தாமோதரன் சார் எங்கள் அப்பாவைத் திருடிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றேன். ரிஸ்வானா ஃபோனைப் பைக்குள் வைத்தாள். அது அவளுக்கு அபூர்வம்.

"அந்தாளுக்கு இது தெரியுமாடி?"

"தெரியாது."

"தெரியாம எப்படிடி திருடுவாங்க? நீதான எடுத்து வெச்சுக்கிட்ட?"

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸும் வந்தது. பஸ்ஸில் பாதி தூரம் போன பிறகு, அவரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேனே, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது. நாய்ப் படத்தில் சோறு வைத்த அம்மாவை முதுகுப்பக்கமாக எடுத்தவருக்கு நான் போட்டது நான்கு.

ஞாயிற்றுக்கிழமை பேட்டி எடுக்கப்போகிறேன். கேமரா ரிஸ்வானா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வடபழனி ஸ்டூடியோ கேண்டீன். அம்மா உள்ளே மிக்ஸிங்கில் இருந்தாள். ரிஸ்வானா ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். எங்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு, தாமோதரன் சார் வெந்நீர் குடித்தார். பஜ்ஜியைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேள்விகளை மரியாதையாகவும் நேராகவும் கேட்டேன். அவர் முன்பு கல்யாணம் ஆகிப் பிரிந்தவர் என்று அம்மா சொல்லியிருந்தாள். யார் மேல் தவறு என்று கேட்டேன். ரிஸ்வானா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருமே மோசமில்லை, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்ததுதான் மோசம் என்றார். இது ஒரு தரப்புதான், அந்த ஆன்ட்டியின் தரப்பையும் கேட்காமல் எப்படி எடுத்துக்கொள்வது என்றேன். உடனே ஃபோனை எடுத்தார்.

"கரெக்ட்டுதான். நம்பர் தரேன், பேசிப் பாரு. கோயமுத்தூர்ல இருக்காங்க. என்னைப் பத்தித் திட்டுவாங்க, ஆனா பொய் சொல்ல மாட்டாங்க."

நம்பரை வாங்கிக்கொண்டேன். கூப்பிடப்போவதில்லை. ஆனால் நான் பார்த்த எந்தப் படத்திலும் யாரும் எதிர்த் தரப்பின் நம்பரைக் கொடுத்ததில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ரிஸ்வானா, மெமரி ஃபுல் என்றாள். அவள் ஃபோனில் பூனை வீடியோக்கள் நிறைய. அதனால் மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவை ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகித் திறந்தார்.

"உங்கம்மா எழுதுற வரியில மூச்சு விட எடம் இருக்கும். மத்தவங்க எழுதுனா நடுவுல எனக்கு மூச்சு முட்டும். படிக்கிறவன் ஒரு மனுஷன்னு உங்கம்மாவுக்குத் தோணுது. பத்து வருஷமா அவங்க விட்ட எடத்துலதான் மூச்சு விட்டுட்டிருக்கேன்."

ரிஸ்வானா பஜ்ஜி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அப்புறம், இது பேட்டிக்குத் தேவையில்லாத கேள்வி என்று சொல்லிவிட்டு, அம்மா முதலில் உங்களுக்குத்தான் படித்துக் காட்டுகிறாளா என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், தனக்குப் படிப்பது மூச்சு எங்கே வாங்குவது என்று பார்க்க மட்டும்தான் என்றார். வரி இருக்குமா போகுமா என்று அவருக்குத் தெரியாதாம். ஓரத்தில் 'ம' என்று எழுதி அடித்த வரிகளோடுதான் பேப்பர் ஸ்டூடியோவுக்கு வரும். "அந்த 'ம' வேண்டாம்னு சொன்ன எதையும் நான் இதுவரைக்கும் படிச்சதில்ல," என்றார்.

கடைசியாக யானையைச் சொன்னேன். சொல்வதாக இல்லை. சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக அப்பாவின் குரல் என்று நான் நினைத்திருந்தது உங்களுடையது என்று.

கேண்டீனில் யாரோ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் ஃபிளாஸ்க்கை மூடி ஓரமாக வைத்தார்.

"நீ கேட்டுட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாப் படிச்சிருப்பேன்."

"அப்பா எடத்துக்கு வரப்போறீங்களா?"

"அந்த எடம் காலியா இல்லையே. காது விடைச்சுக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, போட்டோல பாத்திருக்கேன். எனக்கு வேற எடம் எதாவது இருந்தா நீ பாத்து சொல்லு."

பேட்டி முடிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ரிஸ்வானா, இதுக்கு மார்க் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலூரிலிருந்து அத்தை ஃபோன் செய்தார். அப்பாவின் அக்கா. அம்மா அவரிடம் விஷயத்தை முன்பே சொல்லியிருக்கிறாள். அத்தை என்னிடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. "அந்தாளு நல்லவனா மதி?" என்று கேட்டார். தயிர் சாப்பிட மாட்டார், மற்றபடி நல்லவர் என்றேன். அத்தை, உங்கப்பனுக்கும் தயிர் ஆகாது என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது.

காலையில் குளித்துவிட்டு, என் தீர்ப்பைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். இந்தத் தடவை அம்மாவைப் பாயில் படுக்கச் சொல்லிவிட்டு நான் நின்றுகொண்டு படித்தேன். எல்லாத் தரப்பும் அதில் இருந்தது. தாமோதரன் சார் சொன்னது, அத்தை சொன்னது, ரிஸ்வானா சொன்னது. அப்பாவின் பக்கம் ஒரு பத்தி. என் பக்கம் ஒரு பத்தி. அதில் எனக்கு என்ன பயம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். முதலில் கேட்பவள் என்கிற வேலை போய்விடுமோ என்பதுதான் அது. செருப்பு, அழுகின கொய்யா, ஈரச் சட்டை எதையும் வெட்டவில்லை. கடைசியில், ஆகவே எனக்குச் சம்மதம் என்று முடித்திருந்தேன்.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது. இன்று வீட்டில் ஹோமம் எதுவும் இல்லை.

"நல்லா எழுதியிருக்கடி. ஒரு வரிகூட போர் இல்ல." பிறகு வழக்கம்போலச் சொன்னாள். "பாரு, நீ என்ன சொல்றியோ அதுதான். இப்பக்கூட நீ வேணாம்னா வேணாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். இதில் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற ரிஸ்வானாகூடப் பேசியிருக்கிறாள். அம்மாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆடி முழுக்க நான் எடுத்தது யாருடைய படம்? கல்யாணம் யாருக்கு? அவள் என்னைக் கேட்டாள், நான் ஊரையெல்லாம் கேட்டேன். அவளை யாருமே கேட்கவில்லை. ஹெலன் மிஸ் பார்த்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பார்.

தாளை டிவி மேல் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

"உனக்கு வேணுமாம்மா?"

"நான்தான் சொன்னேனே, நீ..."

"என்னை விடு. உனக்கு."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். சிங்கத்துக்கும் கரடிக்கும் நொடியில் வசனம் எழுதுகிறவள், எதையோ ஆரம்பித்தாள், நிறுத்தினாள். முந்தானையைச் சரி செய்தாள். இந்த வயசில் என்ன என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"வேணும்டி."

அவ்வளவுதான் சொன்னாள். ஏதோ கடையில் ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்ட சின்னப் பெண் மாதிரி இருந்தது அவள் முகம். நான் அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம், கொஞ்சம் சிரித்தோம். அப்புறம் அம்மா ஃபோனை என் கையில் திணித்து, நீயே சொல்லு, எனக்குக் கூச்சமா இருக்கு என்று சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

அவர் காய்கறிக் கடையில் இருந்தார். பின்னால் தக்காளி விலை கேட்டது. அம்மாவுக்கு வேணுமாம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "உனக்கு?" என்றார்.

"எனக்கும்தான். சாப்பிட வாங்க."

வந்தார். முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். அம்மா பரிமாறினாள். சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

இரண்டு பேரும் ஒன்றாக, நல்லாருக்கு என்றோம். அவர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதை நடுநிலை என்று சொல்ல முடியாது.